நான்காவது உருப்படி

1

பழைய மாணவியர் மலருக்கு ஏதாவது எழுதும்படி பாளையங்கோட்டையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "வெளிநாடுகளில் வாழும் நம் சகோதரிகள்" என்ற பகுதிக்காம். பட்டியலில் ரங்கூனில் ஒருத்தி, கோலாலம்பூரில் இருவர், அப்புறம் திருவனந்தபுரத்தில் நான். கப்பலேறாமல் வெளிநாட்டுக்காரி ஆனவள் நான் ஒருத்திதான். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர்கள் எழுதியது தவறும் இல்லை.

ஆரல்வாய்மொழி சுங்கச் சாவடியைத் தாண்டி நான் இந்த ராஜ்யத்துக்குள் வந்து இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. டாக்டர் படிப்பு முடித்த கையோடு பெண்கள் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தேன். சாவடிச் சிப்பாய் புகையிலை இருக்கிறதா என்று என் டிரங்குப் பெட்டியைக் கிளறினான். பிரசவ இடுக்கி கையில் சிக்கியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது எந்தா?" என்றான். பிள்ளை எடுக்கிற ஆயுதம் என்றேன். சட்டென்று உள்ளே வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். அதற்குமேல் எதையும் சோதிக்கவில்லை.

இங்கே காசு வேறு, தபால் வேறு, வருஷமே வேறு. என் நியமன உத்தரவில் போட்டிருந்த ஆண்டு நம் ஊர்க் கணக்கைவிட எண்ணூறு வருஷத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. பாஷை பாதி நம்முடையது போலவே இருக்கும். அந்தப் பாதிதான் ஆபத்து. வந்த முதல் வாரம், நோயாளி ஒருத்தியின் புருஷன் வராந்தாவில் என்னிடம் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் கிளார்க் வந்து அவரிடம், "சம்சாரம் கழிஞ்ஞோ?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் சம்சாரம் நன்றாக இருக்கிறாள், நாளைக்குக் கஞ்சி குடிப்பாள்" என்று கிளார்க்கைக் கண்டித்தேன். பேச்சு முடிந்ததா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். அந்தக் கதை ஆஸ்பத்திரியில் பல வருஷம் ஓடியது.

2

நான் வெள்ளிச் சாமான் சேர்ப்பது ஊரில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரின் மனைவிக்குப் பிரசவம் பார்த்தேன். இரண்டு நாள் கஷ்டம். சீமைக்குத் திரும்பும்போது அந்த அம்மாள் எனக்கு ஒரு வெண்ணெய்க் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனாள். வெள்ளி. கைப்பிடி அல்லித் தண்டு போல வளைந்து, நுனியில் ஒரு மொட்டு. வெட்டுகிற பொருளை ஒருவன் இப்படி வளைக்க நினைத்திருக்கிறானே என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கத்திகள் எல்லாம் நேரானவை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை ஏலங்களுக்குப் போக ஆரம்பித்தேன். வெள்ளைக்காரர்கள் மாற்றலாகிப் போகும்போது வீட்டுச் சாமான்களை ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். ஸ்பூன், உப்புக் குப்பி, பிஸ்கட் டப்பா என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அடியில் உள்ள முத்திரைகளை வாசிக்கப் பழகினேன். சிங்கம் இருந்தால் நல்ல வெள்ளி. நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்து செய்த வருஷத்தைச் சொல்லும். முலாம் பூசியதாக இருந்தால் விளிம்பு தேய்ந்து உள்ளே வேறு நிறம் தெரியும்.

இரண்டு விதம்தான் எனக்குப் பிடித்தவை. ஒன்று நான் சிறுமியாக இருந்த காலத்தில் செய்தது. கொடிகள், அலைகள், கூந்தலை விரித்துவிட்ட பெண்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஐரோப்பியக் கன்னியாஸ்திரீ அதற்கு "ஆர் நூவோ" என்று பேர் சொன்னாள். இன்னொன்று போன யுத்தத்துக்குப் பிறகு வந்தது. பட்டைகள், படிகள், சூரியக் கதிர் போன்ற கோடுகள். ஏலக்காரர் அதை "ஜாஸ் மாடல்" என்பார். எலும்பைப் போலத் தேவையானது மட்டும் இருக்கும். வயது ஏற ஏற எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடித்தது.

எதற்கு எது என்று எல்லாம் தெரியாது. ரொட்டித் துண்டுகளை நிறுத்தி வைக்கும் சட்டம் ஒன்றில் ஆறு வருஷம் கடிதங்களைச் செருகி வைத்திருந்தேன். ஒரு பாதிரியார் மனைவி வந்து சிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இப்போதும் கடிதங்கள்தான் வைக்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் துடைக்கிற நாள். கரமனையில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் அக்ரகாரம். அங்கிருந்து பிரசவத்துக்கு வந்த ஒரு மாமி சொன்னாள்: "சாம்பல், புளியெல்லாம் போடாதீங்கோ. விபூதிய ஈரத் துணியில தொட்டுத் தேச்சா கண்ணாடியாட்டம் ஆயிடும்." கிழக்கேகோட்டையில் நான் விபூதி வாங்கியதைச் சபையில் யாரோ பார்த்துவிட்டார்கள். ஆராதனை முடிந்ததும் போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனதில் ஏதும் கலக்கம் உண்டா என்று விசாரித்தார்.

துடைக்கும்போது கூட இருப்பவள் லீலா. இறந்துபோன என் தங்கையின் மகள். மூன்று வயதில் என்னிடம் வந்தாள், இப்போது பதினேழு. படித்தது மலையாளத்தில். தமிழ் வேதாகமத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளுக்குத் தமிழ் என்பது என்னோடு பேசுகிற பாஷை, அவ்வளவுதான். முதலில் வருத்தப்பட்டேன். பிறகு வருத்தப்பட நேரம் கிடைக்கவில்லை.

3

பொன்முடிப் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு துரை காய்ச்சலில் இறந்துபோனார். கல்யாணம் ஆகாதவர். கம்பெனி அவருடைய சாமான்களைத் திருவனந்தபுரம் ஏலத்துக்கு அனுப்பியது. அதில் ஒரு டீ செட் இருந்தது.

டீ பாட், சுடுதண்ணீர் ஜக், பால் ஜக். மூன்றும் எட்டுப் பட்டை. தோள்பகுதி படிப்படியாக இறங்கும். கருங்காலிக் கைப்பிடி. சிங்கமும் நங்கூரமும் தெளிவாக இருந்தன. இருபது வருஷத்தில் அப்படி ஒன்று என் கைக்கு வந்ததில்லை.

ஏலக்காரர் யோக்கியமான மனிதர். குறையை முன்கூட்டியே சொல்லிவிட்டார். "செட்டு முழுசல்ல டாக்டரம்மா. பஞ்சசாரப் பாத்ரம் காணான் இல்லா. பின்னெ அடியில் ஆரோ குத்திக் கேடாக்கியிட்டுண்டு."

சர்க்கரைக் கிண்ணம் இல்லை என்பது சரி. அடியில் குத்தியிருந்ததை நான் கவிழ்த்துப் பார்த்தேன். சின்னச் சின்னப் புள்ளிகள். அவர் மலையாளி, கீறல் என்று நினைத்துவிட்டார். எனக்கு வாசிக்க முடிந்தது. "மு.க." நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே உளி வைத்துத் தட்டிப் பேர் வெட்டுவோமே, அதே வேலை. மூன்றிலும் இருந்தது. சமையல்காரன் யாரோ தன் பேரைக் குத்தி வைத்திருக்கிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வாங்கி வந்து அலமாரியில் நடுத் தட்டில் வைத்தேன்.

4

மறு வருஷம் மலைப் பக்கம் அம்மை பரவியது. ஆண்கள் வந்தால் பெண்கள் அம்மை குத்தக் கை நீட்டவில்லை என்று என்னை அனுப்பினார்கள். கூடவே ஒரு பதிவேடு. பேர், வயது, தகப்பன் அல்லது புருஷன் பேர், ஜாதி, வாசஸ்தலம். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது.

பொன்முடி அடிவாரத்தில், கல்லாற்றில் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றோரம் ஓலை வேய்ந்த ஒரு சாயாக்கடை. உள்ளே ஒதுங்கினேன். கடைக்காரி முப்பது வயதுக்காரி. ஆறு வயதுப் பெண் ஒன்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பிள்ளையின் தலைமுடி செம்பு நிறம், கண் பூனைக் கண்.

அவள் மலையாளத்தில் ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே நான் கண்டுகொண்டேன்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"களக்காடு பக்கம், டாக்டரம்மா. பேரு முத்தம்மா. எஸ்டேட்டுக்குக் கொழுந்து கிள்ள வந்தது. நீங்க?"

"பாளையங்கோட்டை."

"அப்ப நம்ம பக்கந்தான்" என்று சாயாவில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினாள்.

இரண்டு பேருக்கும் அம்மை குத்தினேன். பதிவேட்டை எடுத்து, "பிள்ளைக்குத் தகப்பன் பேரு?" என்றேன்.

அவள் மழையைப் பார்த்தாள். "செத்துப் போனாரு. மேல எஸ்டேட்டுத் துரை."

நான் ஒரு கோடு போட்டேன்.

நிமிர்ந்தபோது அவள் பின்னால் இருந்த பலகை கண்ணில் பட்டது. முருகன் படம், படத்துக்கு முன்னால் திருநீறு. திருநீறு இருந்த கிண்ணத்துக்கு எட்டுப் பட்டை. தோள் படிப்படியாக இறங்கியது. நான் எழுந்துபோய் அதை எடுத்தேன். கேட்கக்கூட இல்லை. சேர்ப்பவர்களுக்கு அப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கவிழ்த்துப் பார்த்ததில் திருநீறு கொஞ்சம் தரையில் கொட்டியது.

"மு.க." என்று வாசித்தேன்.

"ஆமா. முத்தம்மா, களக்காடு. வெள்ளிப் பாத்திரமாச்சே, பேரு வெட்டாண்டாமா? திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுல நானே நின்னு வெட்டுனேன்." கிண்ணத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். "நாலு உருப்படி. எனக்குன்னு சீமையில இருந்து வரவழைச்சுக் குடுத்தாரு. அவரு செத்த மறுநா கம்பெனிக் கிளார்க்கு லிஸ்டோட வந்தாவ. பங்களாவுல இருக்கது பூரா துரை சாமான்னுட்டாவ. அதுல எம்பேரு இருக்கு, பாருங்கன்னேன். அவியளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியல. இது மட்டும் எறும்பு மொய்ச்சுதுன்னு கழுவ அடுப்படிக்குக் கொண்டு போயிருந்தேன். அதனால தப்பிச்சுது."

தரையில் கொட்டிய திருநீற்றை வழித்து எடுத்துக்கொண்டே, "களவு இல்ல, டாக்டரம்மா" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

மற்ற மூன்றும் என் அலமாரியில் இருக்கின்றன என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மழை விட்டது. பதிவேட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

5

மறைக்காமல் எழுதுகிறேன். திரும்பி வரும் வழியில் முதலில் எனக்குத் தோன்றியது, அந்தக் கிண்ணத்தை எப்படி வாங்கலாம் என்பதுதான். நெடுமங்காடு வரும் வரைக்கும் அதே யோசனை. அதற்கு அப்புறம்தான் மற்றது எல்லாம்.

பத்து நாள் எனக்குள்ளேயே வழக்கு நடந்தது. நான் திருடவில்லை. பலர் முன்னிலையில் ஏலத்தில் எடுத்தேன். ரசீது இருக்கிறது. அவளுக்கு அந்தச் சாமானால் என்ன பிரயோஜனம்? இங்கே என்றால் வாராவாரம் துடைக்க ஆள் உண்டு. ஒவ்வொரு வாதமும் சரியாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ராத்திரிச் சாப்பாடு ருசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துடைத்துக்கொண்டிருக்கும்போது லீலாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஒரு கேஸைச் சொல்வது போலச் சொன்னேன். அவள் டீ பாட்டைக் கவிழ்த்து அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பெரியம்மே, அது அவருடேதல்லே?"

அவர்களுடையது அல்லவா என்று கேட்கிறாள். நான் ஏலம், ரசீது, சட்டம் எல்லாவற்றையும் தமிழில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே கேள்வியை அதே மலையாளத்தில் திருப்பிக் கேட்டாள். தமிழில் என்றால் நான் அவளை வாதாடி ஜெயித்திருப்பேன். மலையாளத்தில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

6

மூன்றையும் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கல்லாற்றுக்குப் போனேன். முத்தம்மாள் பிரித்துப் பார்த்தாள். தொடவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"மூடுங்க, டாக்டரம்மா."

"உன்னுதுதானே? வெச்சுக்கோ."

"எஸ்டேட்டு ஆளுக சாயா குடிக்க வாராவ. கண்டா, கம்பெனி வித்த சாமான் இவ கைக்கு எப்பிடி வந்துதும்பாவ. போலீசு எங்கிட்ட ரசீது கேக்கும். உங்ககிட்ட கேக்குமா?"

எனக்கு இது தோன்றவே இல்லை. கொண்டுபோன மூட்டையோடு திரும்பி வந்தேன். அடுத்த நாள் வஞ்சியூரில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் போனேன். எடுத்த எடுப்பில், "ஆதாரம் உண்டோ?" என்றார். சாட்சிக்கு ஆள் கேட்கிறார் என்று நினைத்து, தங்கை மகளைக் கூட்டிவருகிறேன் என்றேன். இந்த ஊரில் பத்திரத்துக்குத்தான் ஆதாரம் என்று பேர். இருபத்தைந்து வருஷம் ஆகியும் அதில் தடுக்கி விழுந்தேன்.

"வாங்ஙுந்நது ஆரா? பந்துவோ?"

"சொந்தம் இல்லை. அவளுடைய சாமான். திருப்பிக் கொடுக்கிறேன்."

"அவருடே சாதனம் நிங்ஙள் எங்ஙனெ கொடுக்கும்? நிங்ஙளுடேதாணெங்கிலே கொடுக்கான் பற்றூ." அவளுடையது என்றால் நான் கொடுக்க முடியாதாம். என்னுடையதாக இருந்தால்தான் கொடுக்க முடியுமாம். சட்டப்படி அவர் சொன்னதில் பிசகு இல்லை. கடைசியில் "இஷ்டதானம்" என்று எழுதினார். அன்பினாலும் பிரியத்தினாலும் மூன்று வெள்ளி உருப்படிகளை மேற்படி முத்தம்மாளுக்குச் சர்வ சுதந்திரமாகக் கொடுப்பதாக வாசகம். கிண்ணத்தையும் சேர்த்து நாலு என்று எழுதச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் தடவை கொண்டுபோனபோது முத்தம்மாள் தாளை விரித்து, விரல் வைத்து, தன் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்தாள். சாமானைச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு நிறைவு இருந்தது. நாலும் ஒன்றாக அந்தப் பலகையில் இருப்பதாகவும், அவள் தினமும் துடைப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். துரையையும் அவளையும் வைத்து ஒரு கதையே கட்டிவிட்டேன். மலை, மழை, அவர் இவளுக்காகச் சீமைக்குக் கடிதம் எழுதியது. நல்ல கதைதான்.

7

பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். காலையில் வாசலில் முத்தம்மாள் நின்றாள். பிள்ளையும் சாக்கும் கூட இருந்தன.

"சாலைக் கடைத்தெருவுல ஒரு வெள்ளிக் கடை வரைக்கும் கூட வரணும், டாக்டரம்மா. விக்கணும். நெடுமங்காட்டுல சந்தைப் பக்கம் ஒரு கடை பாத்துருக்கேன். இவளையும் அங்கனயே பள்ளிக்கூடத்துல விட்டுறலாம். நா ஒத்தையில போனா நம்ப மாட்டாவ."

"விக்கணும்னா என்கிட்டயே கொடு. கடைக்காரன் சொல்ற விலைக்கு மேலயே தாரேன்."

அவள் திண்டாடினாள். நான் உபகாரம் செய்தவள். மறுத்துப் பேச அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"உங்ககிட்ட இருந்தா அது அப்பிடியே இருக்குமே."

"அதுக்குத்தானே சொல்றேன். பத்திரமா இருக்கும்."

"அதான் வேண்டாங்கேன்."

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். சாக்கை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். லீலா பிள்ளையைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"துரை நல்லவருதான். அடிச்சதில்ல, ஏசுனதில்ல. ஆனா நான் கொழுந்து கிள்ளிக்கிட்டு இருந்தவ. ஒரு நா கங்காணி வந்து, நாளையில இருந்து உனக்குப் பங்களா வேலைன்னான். வாரியான்னு கேக்கல. எட்டு வருசம், டாக்டரம்மா. தெனமும் நாலு மணிக்கு அந்த டீ பாட்டுல சாயா ஊத்திக் கொண்டு போகணும். சூடு ஆறப்பிடாது."

"அப்ப பேரு வெட்டினது?"

"என்னைக்காச்சும் வெளிய போன்னு சொல்லுவாவ, அன்னைக்குக் கையில எடுத்துட்டுப் போறதுக்கு ஒண்ணு வேணும்ல. அதுக்குத்தான் வெட்டுனேன். ஆசையில இல்ல."

நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

சாலைக் கடைக்காரர் பத்திரத்தை இரண்டு தடவை வாசித்தார். உரசிப் பார்த்தார். கருங்காலிக் கைப்பிடியைத் திருகிக் கழற்றித் தனியே வைத்தார். உருக்குகிற வெள்ளியாக எடைக்குத்தான் எடுப்பேன், அடியில் வேறு உலோகம் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். டீ பாட்டைக் கட்டை மேல் சாய்த்துச் சுத்தியலை எடுத்தார். இப்போதும் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. மூன்றாவது அடியில் பட்டைகள் மடங்கின. ஜக்குகளுக்கு ஒவ்வொரு அடி போதுமாக இருந்தது. கிண்ணத்தை முத்தம்மாளே எடுத்துக் கொடுத்தாள். அதன் உள்மூலையில் வெள்ளைப் பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சத்தத்துக்குப் பிள்ளை மட்டும் காதைப் பொத்திக்கொண்டது.

வெளியே வந்ததும் முத்தம்மாள் பசிக்கிறது என்றாள். பக்கத்திலேயே ஒரு சோற்றுக் கடை. நான் கேட்டேன்: "கையில பணம் இருக்கு. ஊருக்கே போயிடலாமே? களக்காட்டுல உனக்கு யாரும் இல்லையா?"

"அண்ணன் இருக்கான். போனா இவ முடியைப் பாத்து ஆளாளுக்குக் கேப்பாவ. ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லணும். இங்கன எவனுக்கு என்னைத் தெரியும்?"

மலருக்குக் கட்டுரை கேட்ட சகோதரி, கடிதத்தின் கடைசியில், ஓய்வு பெற்ற பிறகு ஊர் திரும்புவீர்களா என்றும் கேட்டிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளாத பெண் டாக்டரிடம் நம் ஊரில் என்னென்ன கேட்பார்கள் என்று அவருக்கும் தெரியும். திரும்புவதாக இல்லை. காரணத்தை முத்தம்மாளைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இலை போட்டார்கள். முத்தம்மாள் இரண்டாம் தடவையும் சோறு வாங்கி, புளிசேரி ஊற்றிப் பிசைந்து நன்றாகச் சாப்பிட்டாள். நான் அளைந்துகொண்டிருந்தேன்.

"ஏன் டாக்டரம்மா, இறங்கலையா?"

"பசி இல்லை."

அவள் என் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து, இரண்டாக உடைத்து, பெரிய பாதியைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். மற்றதைத் தன் சோற்றில் நொறுக்கிப் போட்டுக்கொண்டாள்.